பழைய மானிட்டரும் பிரிண்டரும் புது டெஸ்க்டாப்போடு வேலை செய்ய

புது சிபியு வாங்கியதும் பழைய மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் எடைக்குப் போட வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய 19 இன்ச் மானிட்டரும், கடையில் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸும் இன்னும் நன்றாக உழைக்கும். தகராறு வருவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் கேபிளில்தான். முனை உள்ளே நுழைகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கி வந்துவிட்டு, திரை ஏன் கறுப்பாகவே இருக்கிறது என்று குழம்புகிறவர்கள் அதிகம். எந்தக் கேபிளையும் காசு கொடுத்து வாங்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இதில் போகும் சிக்னல் அனலாகா (ஏறி இறங்கும் வோல்டேஜ்), டிஜிட்டலா (0, 1 என்ற எண்கள்)? அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது?

முதலில் சிபியுவின் முதுகைப் பாருங்கள்

மொபைலில் சிபியுவின் பின்பக்கத்தையும் மானிட்டரின் பின்பக்கத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட அது நல்லது. மானிட்டர் பக்கம் பெரும்பாலும் நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 துளைகள் கொண்ட விஜிஏ இருக்கும். 1987-ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த அனலாக் முறை அது. வெள்ளை நிறத்தில் அகலமாக, ஓரத்தில் ஒரு தட்டையான பிளவோடு இருந்தால் டிவிஐ. சிபியு பக்கம் இப்போது வருவது எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும். இரண்டும் டிஜிட்டல். ஒரு மூலை மட்டும் வெட்டியதுபோல் இருப்பது டிஸ்ப்ளே போர்ட். கீழ்ப்பக்கம் இரண்டு ஓரமும் சரிந்திருப்பது எச்டிஎம்ஐ.

விஜிஏ போர்ட் சட்டென்று மறைந்துவிடவில்லை. ஏஎம்டி 2013-ல் வந்த ஆர்9 290 வரிசையில் அனலாக்கை எடுத்தது. என்விடியா 2016-ல் வந்த 10 வரிசையில் எடுத்தது. இன்டெல் 2015-ல் வந்த ஸ்கைலேக் பிராசசரில் நேரடி விஜிஏவைக் கைவிட்டது. அதற்குப் பிறகும் எச்610, ஏ520 போன்ற சிக்கன மதர்போர்டுகள் பலவற்றில் விஜிஏ இருக்கிறது. டிஜிட்டல் சிக்னலை அனலாகாக மாற்றும் ஒரு சிப்பைப் போர்டிலேயே வைத்து அதைத் தருகிறார்கள். கம்ப்யூட்டரை இனிமேல்தான் அசெம்பிள் செய்யப் போகிறீர்கள், மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால், அப்படி ஒரு போர்டைத் தேடி எடுப்பது கன்வெர்ட்டர் வாங்குவதைவிடத் தொல்லை குறைந்த வழி.

போர்ட் இருக்கிறது என்பதாலேயே அதில் படம் வரும் என்று நம்ப வேண்டாம். இன்டெல் பிராசசர் எண்ணின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5000 வரை 'ஜி' என்று முடியும் ரகங்களில்தான் கிராபிக்ஸ் உண்டு. 7000 வரிசையிலிருந்து 'எஃப்' தவிர மற்றவற்றில் சிறிய அளவில் வைத்திருக்கிறார்கள். கிராபிக்ஸ் இல்லாத பிராசசரோடு மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் கேபிளைச் செருகிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது.

தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும். நின்ற நிலையில் இருக்கும் கேபினெட்டில், கீபோர்டு, மவுஸ் போர்ட்டுகளோடு சேர்ந்து மேலே இருப்பவை மதர்போர்டின் போர்ட்டுகள். அதற்குக் கீழே படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பவை கார்டின் போர்ட்டுகள். 'புது கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளேயே வரவில்லை' என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் கேபிள் மேலே செருகியிருப்பதுதான்.

இன்னொன்று, நம் வீட்டு வயரிங்குக்கே உரியது. எர்த் இல்லாத பிளக்கில் போட்ட சிபியுவைத் தொட்டால் சுருக்கென்று லேசாக அடிக்கும். மானிட்டர் ஒரு பிளக்கிலும் சிபியு வேறொரு அறையின் பிளக்கிலும் இருந்தால் இரண்டின் உலோகப் பகுதிக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். கரண்ட் ஓடும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் அந்த வித்தியாசம் சிக்னல் பின்கள் வழியாகப் பாய்ந்து போர்ட்டையே எரித்துவிடக்கூடும். ஆகவே இரண்டையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு வீடியோ கேபிளைச் செருகுங்கள், பிறகு கரண்ட் கொடுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடலாம். விஜிஏ மானிட்டரில் மெதுவாக மேலே ஏறும் நிழல் பட்டைகளுக்கும் எர்த் கோளாறு ஒரு காரணம்.

விஜிஏ மானிட்டரை எச்டிஎம்ஐயில் இணைப்பது

இதற்கு வேண்டியது எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர். உள்ளே சிப் இருக்கும் சிறு பெட்டி அது. ஒரு பக்கம் எச்டிஎம்ஐ ஆண் முனை, மறுபக்கம் விஜிஏ பெண் முனை. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கும்போது மாறிப்போவது திசை. விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் பார்க்க ஏறக்குறைய அதேபோல் இருக்கும். அது பழைய கம்ப்யூட்டரைப் புது டிவியில் போடுவதற்கு. உறையில் எச்டிஎம்ஐ உள்ளே, விஜிஏ வெளியே என்று போட்டிருக்க வேண்டும். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று வெறும் வயராக, சிப் எதுவும் இல்லாமல் விற்கும் கேபிள்களைத் தொடவே வேண்டாம். அவை எந்தக் கம்ப்யூட்டரிலும் படம் தராது.

சிபியுவில் டிஸ்ப்ளே போர்ட் காலியாக இருந்தால் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டரையே எடுங்கள். காரணம் கரண்ட். எச்டிஎம்ஐ விதிப்படி போர்ட் 5 வோல்ட்டில் 55 மில்லிஆம்ப் கொடுத்தால் போதும். டிஸ்ப்ளே போர்ட்டோ 3.3 வோல்ட்டில் 500 மில்லிஆம்ப் வரை தரும். எச்டிஎம்ஐயில் கன்வெர்ட்டர் பட்டினி கிடந்தால் படம் வந்து வந்து போகும், அல்லது சூடானதும் அணையும். அதற்காகத்தான் சில எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்களில் பக்கவாட்டில் மைக்ரோ யுஎஸ்பி துளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை உள்ள ரகத்தை வாங்கினால், படம் விட்டுவிட்டு வரும்போது ஒரு பழைய சார்ஜர் கேபிளை சிபியுவின் யுஎஸ்பியில் போட்டு சரிசெய்துவிடலாம்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். கம்ப்யூட்டரும் மானிட்டரும் அணைந்திருக்கட்டும். விஜிஏ கேபிளை மானிட்டரிலும் கன்வெர்ட்டரிலும் செருகி, இரண்டு பக்கத் திருகுகளையும் விரலால் மட்டும் இறுக்குங்கள். கன்வெர்ட்டரை சிபியுவில் செருகுங்கள். முதலில் மானிட்டரை ஆன் செய்து, அதன் மெனுவில் அனலாக் அல்லது விஜிஏ என்ற உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாகத்தான் கம்ப்யூட்டர். மானிட்டர் தன் அளவு விவரத்தை விஜிஏவின் 12, 15ஆம் பின்கள் வழியாகச் சொல்கிறது. கம்ப்யூட்டர் எழும்போது அந்த விவரம் கிடைக்காவிட்டால் சில கன்வெர்ட்டர்கள் தாமாகவே 1920 x 1080 என்று சொல்லிவிடும். 17 இன்ச் மானிட்டர் அதைத் தாங்காமல் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டி நின்றுவிடும்.

அப்படி நின்றுவிட்டால், வீட்டு டிவியை இன்னொரு எச்டிஎம்ஐயிலோ டிஸ்ப்ளே போர்ட்டிலோ இணைத்துக்கொள்ளுங்கள். டிவியில் படம் வந்ததும் விண்டோஸ் கீயோடு 'பி' அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் இரண்டாவது திரையைத் தொட்டு, அதன் ரெசல்யூஷனை மாற்றுங்கள். டிவியும் இல்லை, சிபியுவில் இருப்பது ஒரே போர்ட் என்றால், விண்டோஸ் லோகோ சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வரும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை போய் 3 அழுத்தினால் குறைந்த ரெசல்யூஷனில் விண்டோஸ் திறக்கும்.

என்ன ரெசல்யூஷன் வைப்பது? எல்சிடி மானிட்டருக்கு ஒரே ஒரு சரியான அளவுதான் உண்டு. சதுர வாகில் இருக்கும் 17, 19 இன்ச் என்றால் 1280 x 1024. அகலமான 19 இன்ச் பெரும்பாலும் 1440 x 900. 18.5 இன்ச் 1366 x 768. 20 இன்ச் 1600 x 900. 22 இன்ச் பெரும்பாலும் 1680 x 1050. எல்லாவற்றுக்கும் 60 ஹெர்ட்ஸ். இதைத் தவிர வேறு எதை வைத்தாலும் எழுத்து மங்கலாகத்தான் தெரியும், அதிலும் தமிழ் எழுத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் 1366 இல்லாமல் 1360 x 768 மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம். 1366 என்பது எட்டால் வகுபடாத எண் என்பதால் பல கன்வெர்ட்டர்கள் அதைத் தருவதில்லை. 1360 வைத்துவிட்டு மானிட்டரின் 'ஆட்டோ' பட்டனை அழுத்துங்கள். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு மிஞ்சலாம்.

அந்த ஆட்டோ பட்டன் அனலாக் இணைப்பில் மட்டும் வேலை செய்யும். அதன் பயனைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. படம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலும், செங்குத்தாக நடுங்கும் பட்டைகள் தெரிந்தாலும், எழுத்தைச் சுற்றிப் புகை படிந்ததுபோல் இருந்தாலும் அதுவே சரிசெய்யும். ஆனால் கறுப்பு வால்பேப்பரில் அழுத்தினால் திரையின் ஓரம் எங்கே என்று மானிட்டருக்குத் தெரியாது. காலி வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு அழுத்துங்கள். அப்படியும் எழுத்து தெளியாவிட்டால் மானிட்டர் மெனுவில் 'கிளாக்', 'ஃபேஸ்' என்ற இரண்டு அளவுகள் இருக்கும். பட்டைகள் மறையும் வரை கிளாக், பிறகு எழுத்து கூராகும் வரை ஃபேஸ் என்று ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துங்கள்.

நிறம் மாறியிருந்தால் கேபிளில் ஒரு பின் போயிருக்கிறது. வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை, அதாவது 3ஆம் பின். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்ததுபோல் தெரிந்தால் பச்சை வரவில்லை, 2ஆம் பின். பச்சையும் நீலமும் கலந்த சாயல் என்றால் சிவப்பு, 1ஆம் பின். முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வளைந்த பின் தெரியும். லெட் பென்சிலின் காலி முனையை அந்தப் பின் மேல் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம். நடுவரிசையில் ஒரு பின் இல்லாமலே பல கேபிள்கள் வரும். அது 9ஆம் பின், பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் 12, 15 இல்லாத மட்டமான கேபிள்களும் உண்டு. அவற்றில் விண்டோஸ் மானிட்டரின் பெயரையே கண்டுபிடிக்காது, ரெசல்யூஷனும் 1024 x 768 அளவிலேயே நின்றுவிடும். கேபிளை மாற்றுவதைத் தவிர அதற்கு மருந்து கிடையாது.

டிவிஐ மானிட்டர் இருந்தால் அதிர்ஷ்டம்

மானிட்டரில் விஜிஏ, டிவிஐ இரண்டும் இருந்தால் யோசிக்காமல் டிவிஐ பக்கம் போங்கள். எச்டிஎம்ஐயும் டிவிஐயும் உள்ளே ஒரே வகை டிஜிட்டல் சிக்னல். சிப் தேவையில்லை, சாதாரண எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிளே போதும். இரண்டு திசையிலும் அது வேலை செய்யும். படம் விஜிஏவைவிடத் துல்லியமாக இருக்கும், ஆட்டோ பட்டனைத் தொடவும் வேண்டியதில்லை. 1920 x 1200 வரை 60 ஹெர்ட்ஸில் தாராளமாகப் போகும்.

சிபியுவில் டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருந்தால் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து டிவிஐக்குப் போகும் கேபிளும் உண்டு. போர்ட்டின் அருகே இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் விலை குறைந்த ரகமே போதும். இந்தக் கேபிள் ஒரு வழிப் பாதை. டிஸ்ப்ளே போர்ட் முனை சிபியுவில், டிவிஐயோ எச்டிஎம்ஐயோ மானிட்டரில். திருப்பிப் போட்டால் ஓடாது. கழற்றும்போது டிஸ்ப்ளே போர்ட் முனையின் மேலுள்ள பட்டனை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும், பலத்தைக் காட்டினால் போர்ட் பிய்ந்துவரும்.

2560 x 1600 அளவுள்ள பழைய 30 இன்ச் மானிட்டர்கள் தனி வகை. அவற்றுக்கு 'டூயல் லிங்க்' டிவிஐ வேண்டும். சாதாரண கேபிளில் பாதித் தரத்தில்தான் படம் வரும். டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து டூயல் லிங்க் டிவிஐக்கு மாற்றும், யுஎஸ்பியில் கரண்ட் எடுக்கும் ஆக்டிவ் அடாப்டர் தேவை. விலை அதிகம். அந்தப் பணத்தில் பாதி புது மானிட்டர் வந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவிஐ முனையில் இன்னொரு பொறி இருக்கிறது. தட்டையான பின்னைச் சுற்றி நான்கு குட்டிப் பின்கள் இருந்தால் அது அனலாகையும் சுமக்கும் வகை. டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் அந்த வகைக்கு மட்டும்தான். கார்டில் நான்கு துளைகளும் இல்லையே என்று அடாப்டரின் நான்கு பின்களையும் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டுச் செருகிப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே போகும், படம் வராது. வெட்டியது அனலாக் சிக்னலையேதான்.

டிஜிட்டலில் இணைத்த பிறகு வரும் தொல்லைகள் மூன்று. கறுப்பு சாம்பலாக, படம் வெளுத்துத் தெரிந்தால் கிராபிக்ஸ் கார்டு மானிட்டரை டிவி என்று நினைத்துக் குறைந்த நிற வீச்சை அனுப்புகிறது. என்விடியா என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்பதை 'ஃபுல்' ஆக்குங்கள், மற்றவற்றிலும் அதே பொருளில் ஒரு தேர்வு இருக்கும். ஸ்பீக்கரில் திடீரென்று சத்தம் நின்றுபோனால், எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கு ஒலி போகிறது, மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. டாஸ்க்பாரில் ஒலி அடையாளத்தைத் தொட்டு 'ரியல்டெக்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. கட்டண ஓடிடி படங்கள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால், அந்தப் பழைய மானிட்டரிலோ கன்வெர்ட்டரிலோ காப்புரிமைப் பூட்டான எச்டிசிபி இல்லை. கேபிள் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

கீபோர்டும் மவுஸும்

ஊதா, பச்சை நிறத்தில் வட்டமான ஆறு பின் முனை பிஎஸ்/2. டிவிஎஸ் கோல்டு போன்ற சடசடக்கும் கீபோர்டுகளைப் பழைய டிடிபி ஆட்கள் விடமாட்டார்கள், நியாயம்தான். புது மதர்போர்டுகள் சிலவற்றில் பாதி ஊதா, பாதி பச்சையாக ஒரே ஒரு பிஎஸ்/2 இருக்கும். கீபோர்டு, மவுஸ் எதை வேண்டுமானாலும் அதில் போடலாம். ஆனால் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதுதான் செருக வேண்டும். ஓடும்போது செருகினால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, போர்ட் கெடவும் வாய்ப்புண்டு.

பிஎஸ்/2 இல்லாவிட்டால் இரண்டு வகை மாற்றிகள் விற்கிறார்கள். விரல் நீளத்தில் சின்னதாக இருப்பது வெறும் வயர் இணைப்பு. யுஎஸ்பியும் பேசத் தெரிந்த கீபோர்டு, மவுஸுக்கு மட்டும்தான் அது உதவும். இரண்டு வால்கள் தொங்க, யுஎஸ்பி முனையில் சற்றுப் பருத்த பெட்டியோடு வருவதில் சிப் இருக்கும். பழைய கீபோர்டுக்கு வேண்டியது அதுதான். கீபோர்டு வயரின் நடுவே இணைத்து ஓட்டும் பழைய பார்கோடு ஸ்கேனர்களுக்கும் இதே மாற்றி பொருந்தும்.

மாற்றியைப் போட்ட பிறகு விண்டோஸில் எழுத்து அடிக்கிறது, ஆனால் டெலீட் அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) போக முடியவில்லை என்றால் பயாஸில் 'ஃபாஸ்ட் பூட்' ஆனில் இருக்கிறது. வேறொரு யுஎஸ்பி கீபோர்டை வைத்து, அல்லது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து உள்ளே போய் அதை அணையுங்கள். வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை நீல நிற யுஎஸ்பி 3 துளைக்கு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். அந்தப் போர்ட்டில் டேட்டா ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுத்து மவுஸைத் தடுமாற வைக்கும். கறுப்பு நிற யுஎஸ்பி 2 துளை அதற்குப் போதும்.

டாட் மேட்ரிக்ஸ்: கேபிளைவிட போர்ட்டின் பெயர்தான் தலைவலி

மெடிக்கல், ஹார்டுவேர் கடை, லாரி ஆபீஸ் என்று கார்பன் நகலோடு பில் வேண்டிய இடங்களில் டிவிஎஸ் எம்எஸ்பி, எப்சன் எல்எக்ஸ் வகைப் பிரிண்டர்கள் இன்னும் ஓடுகின்றன. முதலில் பிரிண்டரின் பின்பக்கத்தை நன்றாகத் தேடுங்கள். எப்சன் எல்எக்ஸ்-310 போன்றவற்றில் பேரலல் போர்ட்டோடு (பிரிண்டருக்கென்று இருந்த பழைய அகலமான போர்ட்) யுஎஸ்பியும் இருக்கிறது, பழைய கம்ப்யூட்டரில் பேரலலில் ஓடியதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பேரலல் மட்டும்தான் என்றால், யுஎஸ்பியிலிருந்து 36 பின் பேரலலுக்குப் போகும் கேபிள் வாங்கலாம். செருகியதும் விண்டோஸில் 'யுஎஸ்பி001' என்று ஒரு போர்ட் உருவாகும். பிரிண்டர் டிரைவரை நிறுவி, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' பக்கம் போய் எல்பிடி1-ஐ (பேரலல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைத்த பெயர்) விட்டு யுஎஸ்பி001-ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் பில்லிங் சாஃப்ட்வேர்களுக்கு இது போதும்.

பழைய சாஃப்ட்வேர் நேராக எல்பிடி1-க்கே அனுப்பும் என்றால் இந்தக் கேபிள் மட்டும் போதாது. இது எல்பிடி1 போர்ட்டை உண்டாக்குவதே இல்லை. பிரிண்டரை ஷேர் செய்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேர் பெயரோடு கட்டிவிட வேண்டும். கட்டளையின் முடிவில் 'பெர்சிஸ்டன்ட்' என்பதற்கு 'யெஸ்' கொடுத்தால் ரீஸ்டார்ட் செய்தாலும் நிலைக்கும். விண்டோஸுக்கு முந்தைய அசல் டாஸ் சாஃப்ட்வேர் என்றால் 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற எமுலேட்டருக்குள் (பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) ஓடவிட்டு, அதன் பேரலல் போர்ட்டை விண்டோஸ் பிரிண்டரோடு இணைக்கலாம். சாஃப்ட்வேரோடு பேரலல் போர்ட்டில் மாட்டும் பூட்டு டாங்கிள் இருந்தால் யுஎஸ்பி கேபிளில் அது வேலை செய்யாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டில் ஒருவேளை ஓடும். பேரலல் போர்ட்டின் பழைய முகவரியையே தேடும் டாங்கிள் என்றால் அதிலும் ஓடாது.

அச்சு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் பேப்பர் அளவு. தொடர் தாள் 12 இன்ச் உயரம். டிரைவரில் ஏ4 என்று விட்டுவைத்தால் அது 11.69 இன்ச்தான் நகர்த்தும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் விழுந்து, பத்தாவது பில்லில் தலைப்பு முந்தைய தாளுக்கே போய்விடும். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் 'ஃபார்ம்ஸ்' பகுதியில் 10 x 12 அல்லது 10 x 6 என்று உங்கள் தாளின் அளவைப் புதிதாகப் பதிந்து, அதையே டிரைவரிலும் சாஃப்ட்வேரிலும் தேர்ந்தெடுங்கள். மூன்று இடமும் ஒத்துப்போனால்தான் தாள் சரியான இடத்தில் கிழியும்.

சீரியல் சாதனங்கள்

எடை மெஷின், பழைய யுபிஎஸ், பில்லிங் டிஸ்ப்ளே ஆகியவை ஒன்பது பின் சீரியல் போர்ட்டில் பேசும். யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கும் முன் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். பல போர்டுகளில் 'காம்' என்று ஒரு பின் தொகுதி உள்ளேயே இருக்கும். ஒரு பிராக்கெட் வாங்கி மாட்டினால் அசல் சீரியல் போர்ட் கிடைத்துவிடும்.

கேபிள்தான் என்றால் உள்ளே இருக்கும் சிப்பைக் கேட்டு வாங்குங்கள். எஃப்டிடிஐ சிப் உள்ளது தொல்லை இல்லாதது. சிஎச்340 மலிவு, பெரும்பாலும் ஓடும். பழைய புரோலிஃபிக் பிஎல்2303 கேபிள்களைப் புது விண்டோஸில் போட்டால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு, 2012-லிருந்து நிறுத்தப்பட்ட சிப் என்று பெயரிலேயே எழுதிக் காட்டும். அந்த நிறுவனத்தின் புது டிரைவர் தன் பழைய சிப்புகளையும் போலிகளையும் ஏற்பதில்லை. சர்க்யூட் போர்டில் வெறும் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் யுஎஸ்பி-டிடிஎல் மாற்றியை ஒன்பது பின் சாதனத்தோடு இணைக்காதீர்கள். எதிரே வரும் வோல்டேஜ் நேர்மறையிலும் எதிர்மறையிலும் பல வோல்ட் ஆடும், 5 வோல்ட் சிப் அதைத் தாங்காது.

பழைய சாஃப்ட்வேர் காம்1 முதல் காம்4 வரை பெயருள்ள சீரியல் போர்ட்டுகளைத்தான் பார்க்கும். விண்டோஸ் காம்7 என்று கொடுத்திருந்தால் டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் எண்ணை மாற்றலாம். பிறகு கேபிளை அதே யுஎஸ்பி துளையிலேயே விட்டுவிடுங்கள். துளையை மாற்றினால் எண்ணும் மாறிவிடக்கூடும், காலையில் கடை திறந்ததும் எடை வரவில்லை என்று போன் வரும். வேகம் பெரும்பாலும் 9600, 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். குப்பை எழுத்தாக வந்தால் வேகம் தப்பு. எதுவுமே வராவிட்டால் 2, 3 பின்கள் குறுக்காகப் போக வேண்டிய இடத்தில் நேராகப் போகின்றன, அல்லது அதற்கு நேர்மாறு. ஒரு 'நல் மோடம்' அடாப்டரை நடுவில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய யுஎஸ்பி பிரிண்டரும் ஸ்கேனரும்

இங்கே கேபிள் பொருந்தும், டிரைவர்தான் கிடைக்காது. 32 பிட் டிரைவர் எதுவும் விண்டோஸ் 11-ல் ஏறாது. கேனான் எல்பிபி2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்ட பிரிண்டர்கள், பொதுவான டிரைவர் வைத்து ஓட்ட முடியாது. நிறுவனத்தின் தளத்திலிருந்து 64 பிட் டிரைவரை இறக்கி, அது கேட்கும்போதுதான் யுஎஸ்பி கேபிளைச் செருக வேண்டும். முன்கூட்டியே செருகினால் விண்டோஸ் பெயர் தெரியாத சாதனமாகப் பதிந்துகொள்ளும். ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் திடீரென 'ஆஃப்லைன்' என்றால் பெரும்பாலும் யுஎஸ்பி துளை மாறியிருக்கிறது. போர்ட்ஸ் பக்கத்தில் யுஎஸ்பி001-க்குப் பதில் 002-ஐ டிக் செய்து பாருங்கள்.

விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் 'விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோடு' என்ற தேர்வு வந்திருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரைப் பார்த்து அதை ஆன் செய்துவிட்டால் நிறுவனம் தந்த டிரைவரில் ஓடும் பிரிண்டர்கள் எல்லாம் காணாமல் போகும். அதை அணைத்தே வையுங்கள். பழைய டிரைவர் ஏறிய பிறகும் சாதனம் எழாவிட்டால், விண்டோஸ் செக்யூரிட்டியின் 'கோர் ஐசொலேஷன்' பகுதியில் 'மெமரி இன்டெக்ரிட்டி' அதைத் தடுக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்கேனருக்காக அந்தக் காவலை நிரந்தரமாக எடுத்துவிடுவது நல்ல வியாபாரமில்லை.

ஸ்கேனருக்கு வேறு வழி இருக்கிறது. வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள் பல பழைய ஸ்கேனர்களுக்குத் தன் சொந்த டிரைவரையே வைத்திருக்கிறது. வாங்கும் முன் இலவசப் பதிப்பில் சோதிக்கலாம், ஸ்கேன் மேல் முத்திரை விழும், அவ்வளவுதான். நாப்ஸ்2 இலவசம், நல்ல கருவி. ஆனால் டிரைவர் ஏற்கெனவே இருந்தால்தான் அதற்கு வேலை. லினக்ஸில் பழைய ஸ்கேனர் ஆதரவு வலுவாக இருக்கும். உபுண்டுவை ஒரு பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே ஓட்டி, அதன் டாக்குமென்ட் ஸ்கேனரில் சாதனம் தெரிகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும்.

பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஃபைல் எடுப்பது

பழைய இணைப்பு வகையான, அகலமான 40 பின் ஐடிஇ டிஸ்க்கை மாட்ட இப்போதைய மதர்போர்டில் இடமே இல்லை. ஐடிஇ, அதற்குப் பின் வந்த சாட்டா இரண்டுக்கும் பொருந்தும் யுஎஸ்பி அடாப்டரை, தனி 12 வோல்ட் அடாப்டரோடு சேர்த்து வாங்குங்கள். 3.5 இன்ச் டிஸ்க்கின் மோட்டாரைச் சுற்ற யுஎஸ்பி கரண்ட் போதாது. லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் யுஎஸ்பியே போதும். டிஸ்க்கின் பின்னால் உள்ள ஜம்பரை 'மாஸ்டர்' நிலையில் வையுங்கள். 'ஸ்லேவ்' நிலையில் பல அடாப்டர்கள் டிஸ்க்கைப் பார்ப்பதே இல்லை. முதலில் 12 வோல்ட் கொடுத்து, டிஸ்க் சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டபின் யுஎஸ்பியைச் செருகுங்கள். டிரைவ் எழுத்து வந்து, ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று சொன்னால் 'கண்டினியூ' அழுத்திவிட்டுக் காத்திருங்கள், பெரிய ஃபோல்டர் என்றால் நேரமெடுக்கும். 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் மட்டும் எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். டக் டக்கென்று சீராக அடிக்கும் சத்தம் வந்தால் உடனே கரண்டைத் துண்டித்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.